தெய்வத்தின் நிலமும் சூரிய மின்சாரமும்

ராஜஸ்தானின் மேற்கு மாவட்டங்களில் ஊருக்கு ஊர் 'ஓரண்' உண்டு. தெய்வத்தின் பேரில் விடப்பட்ட மேய்ச்சல் காடு அது. தமிழகத்துக் கோயில்காடுகளின் பாலைவன உறவு எனலாம். பாலும் கங்கை நீரும் ஊற்றி முன்னோர் எல்லை குறித்தார்கள் என்று ஊரார் சொல்வார்கள். உள்ளே ஆடும் மாடும் ஒட்டகமும் மேயலாம். கோடரி நுழையக் கூடாது. மாநிலத்தில் இத்தகைய காடுகள் சுமார் 25,000 இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

நாட்டின் சூரிய மின்சாரத்தில் பெரும்பங்கு விளைவதும் இதே வறண்ட மண்ணில்தான். ஃபலோடி அருகிலுள்ள பட்லா சோலார் பூங்காவின் திறன் மட்டும் 2,245 மெகாவாட். பரப்பு ஏறத்தாழ 14,000 ஏக்கர். நிலக்கரியைக் குறைக்க இந்த மின்சாரம் வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஓரணுக்கும் சோலார் பூங்காவுக்கும் நடக்கும் இழுபறியை நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான வழக்காகப் பார்ப்பது எளிது, ஆனால் தவறு. இரண்டு நன்மைகள் ஒரே நிலத்தைக் கேட்கின்றன.

இப்படி வரும்போது திட்டமிடுவோர் நாடுவது சமநிலையை. இரண்டையும் தராசில் வைத்து எடை பார்க்க வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவு வேண்டும். மெகாவாட்டுக்கு எண் உண்டு. 'இது தேவியின் இடம்' என்பதற்கு எண் இல்லை. போதாக்குறைக்கு, பல ஓரண்கள் வருவாய்ப் பதிவேட்டில் அரசுத் தரிசு என்றே கிடக்கின்றன. இந்தியச் சட்டம் கோயில் மூர்த்தியைச் சொத்து வைத்துக்கொள்ளும் சட்டபூர்வ நபராக ஏற்கிறது. கட்டடமில்லாக் காட்டில் வாழும் தெய்வத்துக்குப் பட்டா கிடைப்பது அரிது. ஆக, எடை பார்ப்பதற்கு முன்பே ஒரு தட்டு காலியாகிவிடுகிறது. பயன்–இழப்புக் கணக்கின் உண்மையான குறை தராசில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது.

கானமயில் வழக்கு இந்த மோதலை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. ஒரு காலத்தில் தமிழகத்திலும் இருந்த பறவை. இன்று நாட்டிலேயே 150-க்கும் கீழே, பெரும்பாலும் ஜெய்சல்மேர் பகுதியில். ஆண் பறவை 15 கிலோ வரை எடை வரும். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே வருவது சரியாகத் தெரியாது; சோலார் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் மின்கம்பி கண்ணில் பட்டாலும் அந்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. பெட்டை பொதுவாக ஒரு ஈட்டுக்கு ஒரே முட்டைதான் இடும். எனவே மின்கம்பியில் மோதி ஒன்று செத்தாலும் ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதன் வாழிடங்களில் மின்தடங்களை நிலத்தடியில் புதைக்கச் சொன்னது. சுமார் 99,000 சதுர கிலோமீட்டரில் அது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற வாதத்தை ஏற்று, 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. அந்தத் தீர்ப்பே பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படும் உரிமையையும் அரசமைப்புச் சட்டத்தின் 14, 21 பிரிவுகளில் கண்டது. மனிதரின் நாளையும் பறவையின் இன்றும் ஒரே தீர்ப்பில் எதிரெதிரே நின்றன.

சமய மரபு இந்த இடத்தில் வேறு வழியில் யோசிக்கிறது: எடை பார்ப்பதையே அது மறுக்கிறது. 1730-இல் கேஜர்லி கிராமத்தில் அரண்மனைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்து, அம்ரிதா தேவி உட்பட பிஷ்னோய் சமயப் பிரிவினர் 363 பேர் உயிர் விட்டதாக வரலாறு சொல்கிறது. அவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்ட மரம் தமிழர் வன்னி என்று அறிந்த மரம்தான். உயிரைக் கொடுத்து மரத்தைக் காப்பதைப் பயன்–இழப்புக் கணக்கு விளக்காது. சில இடங்கள் பேரத்துக்கு வராது என்ற முடிவு முதலில், மிச்சத்தில்தான் கணக்கு.

ஆனால் புனிதத்துக்கும் எல்லை உண்டு, எல்லைக்கு அப்பால் அது மௌனம். எங்கே கூடாது என்று ஓரண் சொல்லும். பேனலை எங்கே வைக்கலாம் என்று சொல்லாது. கானமயிலோ எல்லைக் கல்லைப் பார்த்துப் பறப்பதில்லை. புனிதம் இல்லாத புல்வெளியை நம்பிக்கை மட்டும் காக்காது. அங்கே பறவையின் பாதையை ஆராய்ந்து மின்தடத்தை மாற்றும் அறிவியல் வேண்டும். திட்டத்தில் இவை வர வேண்டிய வரிசைதான் முக்கியம்: ஓரண்களையும் வாழிடங்களையும் முதலில் வரைபடத்தில் குறித்து விலக்கிவிட்டு, பிறகு நிலம் ஒதுக்குவது. இன்று பல இடங்களில் ஒதுக்கீடு முடிந்த பிறகுதான் ஊரார் ஆட்சேபம் வந்து சேர்கிறது.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தானின் புனித வனங்களை அளந்து அறிவிக்க ஆணையிட்டது. அதற்கு முன்பே, ஓரண்களைக் காடாகக் கருதும் அரசு அறிவிப்பைக் கண்டு மேய்ப்பர்கள் அஞ்சினார்கள். வனத்துறை வேலி போட்டால் ஒட்டகத்தை எங்கே ஓட்டுவது, பூசைக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பது அவர்கள் கேள்வி. அளக்கும் வேலையில் எல்லைக் கோட்டோடு மேய்ச்சல் உரிமையும் பூசை உரிமையும் பதிவாகாதவரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.