தேருக்கு இல்லாத குற்றம்

சீசனில் சிலமலைக்கு வந்தால் சட்டைக்குக்கூட ஏலக்காய் வாசம். லேப்டாப்பில் 'ராதிகா சாந்த்வனம்' மொழிபெயர்ப்பு. "என்னடா படிக்கிற?" என்று அம்மா எட்டிப் பார்த்ததும் சட்டென்று மூடிவிட்டேன். ஏன் மூடினேன்?

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டியர் அவையில் முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய காவியம் அது. காமத்தைப் பெண்ணின் பக்கமிருந்து பேசுவது. முந்தைய பதிப்பில் வெட்டப்பட்டவற்றைச் சேர்த்து 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் வெளியிட்டார். முழுப் பிரதி வேண்டும் என்ற அக்கறைதான், வேறென்ன? ஒரு தேவதாசி எழுதியதை இன்னொரு தேவதாசி பதிப்பித்தார் என்பதே வசையானது. 1911இல் ஆங்கில அரசு தடை போட்டது. 1947இல்தான் நீங்கியது.

வேடிக்கை என்னன்னா, 2024 வரை நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு கோயில் சிற்பத்தையும் தேரையும் ஆரம்பத்திலிருந்தே விட்டுவைத்திருந்தது. இலக்கியம், கல்விக்கான விலக்கு 1969 திருத்தத்தில்தான் வந்தது. அதிலும், வெளியீடு பொதுநன்மைக்கானது என்று நிரூபிக்கப்பட வேண்டியிருந்தது. வாசகனிடம் அந்தச் சுமையை ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சும்மா வைத்திருப்பது அந்தப் பிரிவில் குற்றமாக இருக்கவில்லை. விற்கவோ பரப்பவோ வைத்திருந்தால்தான். ஆனால் என் ஃபைல் கிளவுடில் கிடக்கிறது. நண்பனுக்கு லிங்க் அனுப்பினால் அது படிப்பா, பரப்புதலா? பல்கலைக்கழக அடையாள அட்டை என்னிடம் இல்லை. நாகரத்தினம்மாளிடமும் இல்லை.

அம்மா டீ கொண்டுவந்தாள். இந்தமுறை மூடவில்லை. எழுத்தை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கினேன்.