தொடாமல் சொன்ன நோய்

"மெஷினுக்குச் சாதி தெரியாது." இந்த வார்த்தையை இப்போது நம் தோழர்களே சொல்லக் கேட்கிறோம். நெஞ்சு எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரே படித்து, காசநோய் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுகிறது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் படத்தை மனிதருக்குப் பதில் மென்பொருள் படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இந்தியாவின் காசநோய் முகாம்களில் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு அந்த மென்பொருளும் வந்துவிட்டது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இருமலோடு வாழ்கிற நம் சனங்களுக்கு இது எங்கோ நடக்கிற சங்கதி அல்ல. மனிதரை நம்புவதா, எந்திரத்தை நம்புவதா? முதலில் இது சரியான கேள்விதானா?

தோழர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மருத்துவரின் கண் தவறாத கண் அல்ல. 1940களில் அமெரிக்காவில் யெருஷால்மி முதலானோர் காசநோய் எக்ஸ்ரே படங்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு நிபுணர் கண்டதை இன்னொரு நிபுணர் தவறவிட்டார். அதே நிபுணர், அதே படத்தைக் கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தபோது தன் முடிவையே மாற்றிச் சொன்னார். 1972இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் குழுவினர், கடும் வயிற்று வலியோடு வந்த 304 பேரை வைத்துக் கம்ப்யூட்டரையும் மருத்துவர்களையும் ஒப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் 91.8 சதவீதம் சரியாகச் சொன்னது. அந்த நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்களில் மூத்தவர்கள் 79.6 சதவீதம். 1970களில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஷார்ட்லிஃப் உருவாக்கிய 'மைசின்' என்ற நிரல், மூளைக்காய்ச்சலுக்கு மருந்து சொல்வதில் அங்கிருந்த பேராசிரியர்களுக்குச் சளைத்ததல்ல என்று 1979இல் வெளியான மதிப்பீடு காட்டியது.

மனிதத் தவறு என்றால் அசதியும் மறதியும் மட்டும்தானா? நம் நாட்டில் அந்தக் கண்ணுக்கும் கைக்கும் சாதி இருக்கிறது. 2010இல் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளைச் சந்தித்து எழுதிய ஆய்வு, மருத்துவத்தில் தீண்டாமை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறது. தொடாமல் பார்ப்பது, மருந்தை எட்ட நின்று கொடுப்பது, நேரம் ஒதுக்காமல் அனுப்பிவிடுவது. இப்படிப்பட்ட கையை விடக் கையே இல்லாத எந்திரம் மேல் என்று ஒருவர் நினைத்தால் அவரை எப்படிக் குறை சொல்வது?

ஆனால் கையே படாத வைத்தியத்தை நாம் ஏற்கனவே பார்த்திருக்கிறோம். 1929 டிசம்பர் 12 தேதியிட்ட 'யங் இந்தியா' இதழில் கத்தியவாரைச் சேர்ந்த தலித் பள்ளி ஆசிரியர் ஒருவரின் கடிதம் வந்தது. அம்பேத்கர் அதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எடுத்துச் சேர்த்திருக்கிறார். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு முடியவில்லை. மூச்சுத் திணறல், விலா வலி. சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் மருத்துவர். ஊர்ப் பெரியவர் இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பிணை நின்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்கிறார். பச்சைப் பிள்ளையோடு அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவருகிறார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவனிடம் கொடுக்க, கணவன் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் கருவி திரும்பிப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து நிமோனியா என்கிறார் மருத்துவர். போய் மருந்து அனுப்புகிறார். அதன்பின் வரவே மறுத்துவிட்டார். அந்தப் பெண் செத்துப்போனாள்.

இதை ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். அந்தக் கருவிக்கும் சாதி தெரியாது. பாதரசம் யார் உடம்பில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் ஏறும். அவர் சொன்ன நோயின் பெயர் சரியாகக்கூட இருந்திருக்கலாம். எண்ணும் சரி, பெயரும் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் நடக்கவில்லை. கருவி அங்கே தீண்டாமையைப் போக்கவில்லை. தீண்டாமலே வைத்தியம் பார்த்ததாகக் கணக்குக் காட்ட வசதி செய்து கொடுத்தது. 'எந்திரம் சரியாகச் சொல்கிறதா' என்ற கேள்வி இதனால்தான் நமக்குப் பாதிக் கேள்வி. மீதிப் பாதி: சொன்ன பிறகு யார் வருவார்? தவறினால் யார் பதில் சொல்வார்?

எந்திரத்துக்குச் சாதி தெரியாது என்பதும் முழு உண்மை அல்ல. 2019இல் ஓபர்மேயர் முதலானோர் அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்திய ஒரு நிரலைச் சோதித்தார்கள். யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிற நிரல் அது. அதில் இனம் என்ற கட்டமே கிடையாது. நோயின் கடுமைக்குப் பதிலாக, ஒருவர் மருத்துவத்துக்கு ஆன செலவை அது கணக்கில் எடுத்தது. கறுப்பின மக்களுக்குச் செலவு குறைவாகத்தான் ஆகியிருந்தது, ஏனென்றால் அவர்களுக்கு வைத்தியமே குறைவாகத்தான் கிடைத்திருந்தது. ஆகவே அவர்களுக்கு நோய் குறைவு என்று நிரல் முடிவு கட்டியது. வைத்தியம் மறுக்கப்பட்டதே ஆரோக்கியத்துக்குச் சாட்சியாகிவிட்டது! விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியும் அப்படித்தான். அபாயமான குறைவை அது தவறவிடுவது வெள்ளையரை விடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020இல் ஓர் ஆய்வு சொன்னது. ஒரு கருவியைச் செய்யும்போது யாருடைய தோலை வைத்துச் சரிபார்த்தார்கள் என்பது அந்தக் கருவிக்குள் தங்கிவிடுகிறது. படிவத்தில் சாதிக் கட்டம் இல்லை என்பதால் கணக்கில் சாதி இல்லை என்று ஆகாது.

இன்னொன்று, எந்திரம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். என் சித்தப்பா துறைமுகத்தில் நிலக்கரி அள்ளியவர். 2011இல் நீதிமன்ற ஆணையால் நிறுத்தப்படும்வரை சென்னைத் துறைமுகத்தில் கரி இறங்கியது, ராயபுரத்துக் கொடிகளில் காய்ந்த துணியில் படிந்தது. பிறகு அது எண்ணூர்ப் பக்கம் போனது. அங்கே ஏற்கனவே அனல்மின் நிலையச் சாம்பல். சித்தப்பாவுக்கு இருமல் வந்தபோது ஒரு ஆஸ்பத்திரியில் நடந்த பேச்சு இவ்வளவுதான்:

"இருமல் எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா சார்."

"பீடி குடிப்பியா?"

"எப்பவாச்சும் சார்."

ஐம்பது வயது தாண்டிய மனுசனை 'குடிப்பியா' என்று கேட்டவர், என்ன வேலை பார்த்தாய் என்று கேட்கவில்லை. காசநோய் மாத்திரை ஆறு மாசம் முடிந்தது, மூச்சிரைப்பு முடியவில்லை. நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றோடு 'உன் தொழில் என்ன' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இத்தாலியில் ரமஸ்ஸினி எழுதியது 1700இல். முந்நூறு வருசம் கழித்தும் வடசென்னைக்கு அந்தக் கேள்வி வந்து சேரவில்லை. காசநோயைத் தேடச் சொல்லிப் பழக்கிய மென்பொருள் படத்தில் காசநோயைத் தேடும். கரியை அள்ள வைத்தவர் யார், சாம்பலைக் கொட்டியவர் யார் என்று தேடாது. நோயை ஒரு ஆளின் நெஞ்சுக்குள் மட்டும் வைத்துப் பூட்டிவிட்டால் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் நிம்மதி.

அப்படியானால் எந்திரத்தை உடைப்பதா? இல்லை. விதி என்பது எப்போதும் நமக்கு எதிரி அல்ல. பல நேரம் மருத்துவரின் 'விருப்பம்' என்ற இடத்தில்தான் சாதி ஒளிந்துகொள்கிறது. லீட்ஸ் ஆய்வில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதற்காக, வந்த எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்டுப் படிவத்தில் எழுத வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் மருத்துவர்களின் சொந்தக் கணிப்பும் மேம்பட்டது. ஆய்வு முடிந்ததும் பழையபடி இறங்கிவிட்டது. 1974இல் அந்தக் குழுவே எழுதியது இது.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கிறேன். சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு வந்தது. நோய் உறுதியான ஒவ்வொரு வயது வந்தவரிடமும் ஐந்து விசயம் பார்க்கச் சொல்கிறது: எடையும் உயரமும், காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. ஆபத்தானவர்களைக் கண்டுபிடித்து உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும். இதில் பெரிய எந்திரம் எதுவும் இல்லை. ஆனால் கால் வீக்கத்தை எட்ட நின்று பார்க்க முடியாது. குனிந்து, நம் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால்தான் குழி விழுகிறதா என்று தெரியும். அந்த விதி ஒரு கையை நம் காலில் வைக்கச் சொல்கிறது. யார் கால் என்று அது கேட்பதில்லை.

எந்திரத்தை எடை போட நமக்கு வேண்டிய தராசு இதுதான். அது மனிதரை நம் பக்கம் இழுத்து வருகிறதா, அல்லது வராமலிருக்கச் சாக்கு கொடுக்கிறதா? வள்ளுவரின் மருந்து அதிகாரம் வைத்தியத்தை நான்காகப் பிரித்து முடிகிறது: நோயாளி, தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் நின்று கவனிப்பவர். மென்பொருளை எந்த இடத்தில் வைத்தாலும், நாலில் ஒன்றின் வேலையைத்தான் அது செய்யும். மற்ற மூன்றின் செலவைக் குறைக்க அதைக் கொண்டுவந்தால் அதற்குப் பெயர் முன்னேற்றம் அல்ல.

மைசின் நிரலிடம் 'ஏன்' என்று கேட்கலாம். எந்த விதிப்படி அந்தக் கேள்வியைக் கேட்டது என்று அது எடுத்துக் காட்டும். அது நோயாளிகளிடம் பயன்பாட்டுக்கே வராமல் போனது. இன்றைய படம் படிக்கும் நிரல்களோ, லட்சக்கணக்கான படங்களில் பழகியவை. அவற்றால் அப்படி விதியைச் சொல்ல முடியாது. நாம் தலைமுறை தலைமுறையாக 'ஏன்' என்று கேட்கக் கூடாதவர்களாக வைக்கப்பட்டோம். கேட்டால் அடி. இப்போது மருத்துவரைக் கேட்டால் மெஷின் சொல்லுது என்பார். மெஷினோ பேசாது. இந்தப் புதிய மௌனத்தை நாம் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. நம் நெஞ்சுப் படத்தைப் பார்த்து எது முடிவு சொன்னாலும், அதற்குக் கையெழுத்துப் போட்டு, நம் பாஷையில் காரணம் சொல்ல ஒரு மனுசர் நம் எதிரே உட்கார வேண்டும். 'என்ன வேலை பார்த்தீங்க?' என்று அவர் முதலில் கேட்க வேண்டும்.