காயங்களோடு உயிர்த்தவர்



தபசு காலம் தொடங்கியதும் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி எதை விடுவது என்பதே. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இல்லை. பெரியவர்கள் ஒருசந்தி இருப்பர். பிள்ளைகள் இனிப்பை ஒறுத்து உண்டியலில் காசு சேர்ப்பர். பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கம் கேட்டுக் கண்ணீர் விடுவதும் நமக்குப் பழக்கமானதே. ஒல்லாந்தர் நம் மறையைத் தடைசெய்திருந்த காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் எழுதித் தந்த செல்வம் அது. அழுவதற்கு ஒரு நாளையும் அல்லேலூயா பாடுவதற்கு வேறொரு நாளையும் திருச்சபை பிரித்துத் தந்திருக்கிறது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி அந்த ஒழுங்கு குலைந்தது. உயிர்த்த ஞாயிறு காலை கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் பூசை நேரத்தில் குண்டு வெடித்தது. கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பில் நம் பிரிந்த சகோதரரின் சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் அவ்வாறே. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் ஞாயிறு வகுப்பு முடித்து நின்ற சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர்.

“சுவாமி, தபசெல்லாம் இருந்து, பாவசங்கீர்த்தனம் செய்து, புது உடுப்புப் போட்டுப் பூசைக்குப் போன பிள்ளையைக் காப்பாற்றாத ஆண்டவர் எங்களை நேசிக்கிறார் என்று எப்படிப் பிரசங்கம் வைக்கிறீர்கள்?” கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார். நான் மறுமொழி சொல்லவில்லை. குருமடத்தில் தீமையைப் பற்றிப் படித்த விடைகள் பரீட்சைக்கு உதவின. அந்த வீட்டு விறாந்தையில் உதவவில்லை.

ஆண்டவர் தமக்குப் பிடித்த மலரைப் பறித்துக்கொண்டார் என்று அயலவர் ஆறுதல் சொல்வதுண்டு. நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது நம் விசுவாசமன்று. குண்டைச் சுமந்து வந்தவன் செய்த பாதகத்தை ஆண்டவர் தலையில் சுமத்துவது எங்ஙனம் தகும்?

யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். சீடர்கள் பயத்தினால் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அந்தப் பயம் நமக்கும் தெரியும். அந்த ஆண்டு அடுத்த இரு ஞாயிறும் கொழும்பு மேற்றிராசனத்தில் பொதுத் திருப்பலி நடக்கவில்லை. மே 12ஆம் திகதிதான் மீண்டும் தொடங்கிற்று. பூட்டிய அறைக்குள் வந்த இயேசு தம் கைகளையும் விலாவையும் காட்டுகிறார். மரணத்தை வென்றவருக்கு ஐந்து காயங்களை அழிப்பது பெரிய காரியமா? அவர் அழிக்கவில்லை. மகிமையிலும் அவற்றைச் சுமந்தே நிற்கிறார். கட்டுவாப்பிட்டியவில் உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தில் மக்களின் இரத்தம் தெறித்திருந்ததை நாம் படங்களில் கண்டோம். அந்தத் தாய் மீண்டும் என்னைக் கேட்டால், ஆண்டவர் அன்று உங்கள் பிள்ளையோடு அந்தத் தரையிலே கிடந்தார், பிள்ளையைத் தனியே விடவில்லை, இன்றும் விடவில்லை என்று சொல்வேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அப்படிப்பட்ட அன்பைப் பெற்றவர்கள் நாம் எதை விடவேண்டும்? வெள்ளவத்தை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1983 ஜூலையில், வடக்கே நடந்த ஒரு தாக்குதலுக்காகக் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. செய்தவன் எவனோ, வீடிழந்தவர் நாம். இதை அறிந்த நம்மிலும் சிலர், 2019 மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடை பக்கங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, “அவர்களுக்கு வேணும்” என்று முணுமுணுத்தார்கள். என் காதிலே விழுந்தது. இறைச்சியை விட்டவர்கள் அந்த முணுமுணுப்பையும் விட்டோமா?

2020ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்தோம் என்று சொன்னார். அவரே உண்மை வெளிவரவேண்டும் என்றும் விடாமல் கேட்டுவந்தார். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறினார்கள் என்று முன்னாள் ஜனாதிபதி உட்படப் பலரை நட்டஈடு செலுத்தும்படி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பளித்தது. மன்னித்தபின் வழக்கேன் என்பாரும் உளர். காயத்தை மறைக்காத ஆண்டவரின் பிள்ளைகள் காயத்தின் காரணத்தைக் கேட்பதில் எனக்குப் பிழை தெரியவில்லை. பழிவாங்குவது வேறு.

கொச்சிக்கடை ஆலயம் 2019 ஜூன் 12ஆம் திகதி, அந்தோனியார் திருநாளுக்கு முதல்நாள், மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் நம்மோடு மெழுகுதிரி ஏற்றும் கோயில் அது. இந்த உயிர்த்த ஞாயிறன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், இறந்தவர்களுக்காக ஒரு செபம் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், சாப்பிட உட்காருமுன், அயலிலுள்ள முஸ்லிம் குடும்பத்துக்குப் பிள்ளைகள் கையிலே ஏதாவது கொடுத்தனுப்புங்கள். பலகாரமோ கேக்கோ போதும். தங்கள் பெருநாளுக்கு அவர்கள் நமக்கு வட்டிலப்பம் அனுப்பாமலா விட்டார்கள்?