ஆசாரமும் குப்பையும்

குப்பை என்னுஞ் சொல் ஆதியில் இழிபொருள் உணர்த்தியதன்று. குவிக்கப்பட்டது எதுவோ அது குப்பை. நெல்லின் குவையையும் மணியின் குவையையும் பழைய நூலோர் குப்பை என்றே வழங்கினர். பிற்காலத்திலே வீட்டிற் கூட்டி ஒதுக்கிய துரும்புந் தூசியுமே அப்பெயருக்கு உரியனவாயின. இச்சொல்லின் இழிவோடு ஒரு தர்மவிசாரமும் மறைந்து போயிற்று. அஃதாவது, ஒருவன் தன் கையினின்றும் விட்ட பொருளுக்கு அவன் எந்த எல்லை மட்டுங் கடப்பாடுடையன் என்பதாம்.

எம் சைவ இல்லங்களை நோக்குக. விடியுமுன் முற்றங் கூட்டப்படுகின்றது; சாணநீர் தெளிக்கப்படுகின்றது; குளியாதவர் அடுக்களையுட் புகுதல் இல்லை. இவை நல்ல ஆசாரங்கள்; கைவிடத்தக்கன அல்ல. ஆயின் அம்முற்றத்துக் கூளம் எங்கே போகின்றது? பெரும்பாலும் வேலிக்கு அப்பால், ஒழுங்கையிலோ வாய்க்காலிலோ விழுகின்றது. வேலியோடு முடிந்துவிடும் ஆசாரம் ஆசாரமாகுமா என்பதே எம் வினா.

சித்தாந்தம் பயின்ற ஆசிரியர்களுக்கு இதற்கு விடை காண்டல் அரிதன்று. உள்ள பொருள் இல்லாமற் போவதில்லை, காரியம் தன் காரணத்தில் ஒடுங்குதலே அழிவெனப்படும் என்னுஞ் சற்காரியவாதத்தை, மண்ணையுங் குடத்தையுங் காட்டி மாணாக்கருக்கு விளக்குகின்றோம். அங்ஙனம் விளக்கிய நாமே மாலையில் ஒரு பொலித்தீன் பையை எறிந்துவிட்டு, அது ஒழிந்தது என எண்ணுகின்றோம். வாழையிலை சில மாதங்களில் மண்ணாய் ஒடுங்கும். பொலித்தீனோ எண்ணெயிலிருந்து ஆக்கப்பட்டது. வெயிலிற் கிழிந்து துகளாகுமேயன்றி, எம் வாழ்நாளில் அதற்கு ஒடுக்கம் இல்லை.

திருகோணமலைப் பட்டினத்துக்கு வந்தோர், புள்ளிமான்கள் பிரெடெரிக் கோட்டை வாயிலிலும் கடற்கரையிலும் மனிதருக்கு அஞ்சாது உலவுவதைக் கண்டு வியப்பர். அம்மான்கள் சோற்றின் மணத்தை நாடி, பொதி சுற்றிய தாளையுஞ் சேர்த்து விழுங்குகின்றன. அது இரைப்பையிலே செரியாது திரண்டு அடைக்க, வயிறு நிறைந்திருந்தும் உணவின்றி மடிகின்றன. கோணேசர் பெருமானைத் தரிசிக்க மலையேறும் வழியும் அக்கோட்டை வாயிலே என்பதை அடியார்கள் சற்றுச் சிந்திப்பாராக. தெற்கே அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிற் குவித்த குப்பையை உண்டு, எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இறந்தன எனும் செய்தி 2022ஆம் ஆண்டிலே வெளிவந்தது. கொல்லாமையை விரதமாகக் கொண்டு மரக்கறி உண்ணும் நாம், அவ்வுணவைச் சுற்றிய தாளினாற் கொலை செய்தல் பொருந்துமா?

மனிதரும் இதற்குத் தப்பினாரல்லர். 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையிலே குப்பைமலை சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நகரத்தார் பன்னெடுங்காலம் எறிந்தவை, எறிந்தவர் மேல் வீழாது, அதன் அடிவாரத்தில் வாழ்ந்த எளியோர் மேல் வீழ்ந்தன. பின்னர்க் கொழும்பின் குப்பையைப் புத்தளத்து அருவக்காட்டுக்கு அனுப்ப ஒழுங்கு செய்தபோது, அவ்விடத்தார் எதிர்த்து நின்றனர். அவரைப் பிறர்நலங் கருதாதவர் என்பார் உளர். அயலூரைக் குப்பைக்கு இடமாகக் கண்டவர் அச்சொல்லைச் சொல்ல உரிமையிலர் என்பது எம் கருத்து.

வரி இறுக்கின்றோமே, ஏனையவற்றை உள்ளூராட்சி மன்றத்தார் செய்க எனச் சிலர் வாதிப்பர். வரி வண்டிக்கூலியாகும், வண்டி பொருளை இடம் பெயர்க்குமேயன்றி இல்லாமற் செய்யாது. இதனை நன்கறிந்தவர் கேரளத்து ஆலப்புழை நகரத்தார். அவர் தம் குப்பையை அயலிலுள்ள சர்வோதயபுரம் என்னும் ஊரிற் கொட்டி வந்தனர். (எல்லோர் உயர்வையுங் குறிக்கும் பெயருடைய ஊருக்கு நேர்ந்த கதி இது! அன்புவழிபுரம் என்னும் பெயருடைய ஊரிலிருந்து எழுதும் எமக்கு இது நெஞ்சிற் படுகின்றது.) 2012ஆம் ஆண்டிலே அவ்வூரார் வண்டிகளை மறித்தனர். நகர வீதிகள் நாறின. வேறோர் ஊரைத் தேடுவதை விடுத்து, வீட்டுக் கழிவை வீட்டிலேயே மாற்றுவதென ஆலப்புழையார் துணிந்தனர். ‘நிர்மல பவனம், நிர்மல நகரம்’ என அம்முயற்சிக்குப் பெயர். சில வீடுகளில் எரிவாயுக் கலங்களும், சிலவற்றிற் குழாயில் இட்டு உரமாக்கும் முறையும், தெருவோரத்திலே காற்றுப் புகும் உரத்தொட்டிகளும் அமைந்தன. 2017இல் ஐக்கிய நாடுகளின் சுற்றாடற் றிட்டத்தார், இவ்விடயத்தில் உலகுக்கு எடுத்துக்காட்டாகத்தக்க ஐந்து நகரங்களுள் ஆலப்புழையையும் ஒன்றாகக் குறித்தனர்.

இதிலே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. அடுக்களைக் கழிவு காற்றில்லாத இடத்தில் மக்கும்போது எரியும் வாயுவை விடும். மலையாகக் குவித்த குப்பையினுள் அவ்வாயு தீயாகவும் புகையாகவும் வெளிப்படும். அதனையே மூடிய கலத்துட் பிடித்தால் அடுப்பெரிக்கும். பொருள் ஒன்றே, பிரித்து வைத்தலும் வையாமையுமே பயனை வேறாக்குகின்றன. எம் நாட்டு ஊர்க்குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது இங்ஙனம் மக்குவது. அதனைத் தாளோடும் புட்டியோடும் பொலித்தீனோடும் ஒரே பையிற் கட்டுங் கணத்திலேதான் அது உண்மையிற் குப்பையாகின்றது.

மிஷனரிமார் தொடங்கிய கல்லூரியொன்றிலே யாம் பயின்றோம். அங்கே தூய்மையைப் பத்திக்கு அடுத்த படியில் வைத்துப் போதித்தனர், அப்போதனைக்கு நன்றியுடையேம். ஆயின் சைவத்திலோ அது அடுத்த படியன்று, வழிபாடே ஆகும். திருவலகிடுதலுந் திருமெழுக்கிடுதலுஞ் சரியைத் தொண்டுகளுள் முதற்கண் எண்ணப்படுவன. திலகவதியார் திருவதிகையிற் செய்த தொண்டு அது. அவர் தம்பியார் திருநாவுக்கரசர் கையிற் கொண்டது உழவாரம்; புல்லுங் கல்லும் அகற்றுங் கருவி. இன்னும் ஆழ நோக்கின், எம் நெற்றியில் அணியுந் திருநீறு யாது? பசுவின் சாணத்தைச் சுட்ட நீறன்றோ! பிறர் கழிவென்று ஒதுக்குவதைச் சுத்திசெய்து சிரசில் அணிந்த சமயத்தார், கழிவைக் கண்டு முகஞ் சுளித்தல் நகைப்புக்கிடமாம்.

ஆசிரியர்களுக்கு விசேடமாக ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம். எம் பாடசாலைகள் பலவற்றிலே, பிந்தி வந்த பிள்ளைக்கும் வீட்டுவேலை செய்யாத பிள்ளைக்கும் முற்றத்துக் கடுதாசி பொறுக்குதலைத் தண்டனையாக விதிக்கின்றனர். காலையிற் சமயபாடத்திலே அப்பர் சுவாமிகளின் உழவாரத்தைப் புகழ்ந்து, முற்பகலில் அதே தொழிலைத் தண்டனையாக்கினால், பிள்ளை இவ்விரண்டினுள் எதனை நம்பும்? தண்டனையையே நம்பும். வளர்ந்தபின் தன் தெருவிற் குப்பை அள்ளுபவரைத் தண்டனை பெற்றவராகவே பார்க்கும்; அவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் வேறு பாத்திரந் தேடும். எம் சமுதாயத்தின் பழைய நோயொன்று இவ்வழியாகவே புதுப்பிக்கப்படுகின்றது. முற்றந் துப்புரவு செய்யும் முறையை நன்மாணாக்கருக்கு முதலிலும், ஆசிரியருக்கு அவரோடு கூடவும் வைத்தல் வேண்டும்.

சட்டமும் தன்னால் இயன்றதைச் செய்துளது. 2017 செப்டெம்பரில் உணவு சுற்றும் பொலித்தீன் தாள் தடுக்கப்பட்டது. 2023 ஒக்ரோபரிற் பிளாத்திக்கு உறிஞ்சுகுழல், கரண்டி முதலியவற்றோடு பிளாத்திக்கு மாலையும் இடியப்பத் தட்டுந் தடுக்கப்பட்டன. பிளாத்திக்கு மாலையைத் தடுக்க அரசாங்கம் முன்வர வேண்டியதாயிற்று! நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்த மரபினர் அதனைத் தாமே விலக்கியிருத்தல் வேண்டும். பிரம்பு இடியப்பத் தட்டும், பனையோலை உமலுங் கடகமும் இன்னும் எம்மவர் கைத்தொழிலினின்றும் அற்றுப்போகவில்லை. விழாக்காலத் தண்ணீர்ப்பந்தலிற் கழுவி வைக்கும் உலோகக் குவளைக்கு என்ன குறை?

இனிக் கோயிற் பூக்களைப் பற்றிய ஐயம். நிர்மாலியம் சண்டேசுர நாயனாருக்கு உரியது, மிதிபடலாகாது. ஆதலால் அதனை உரமாக்கல் தகுமோ எனச் சில அன்பர் வினவினர். கடலிலும் நீர்நிலையிலும் விடுதல் பழைய முறையெனினும், அக்காலத்து மாலையில் நாரும் பூவுமே இருந்தன. இக்காலத்து மாலையிற் செயற்கை நூலுஞ் சரிகையும் உள்ளன. திருப்பதித் தேவத்தானத்தார் 2021 முதல், சாத்திய மாலைகளைக் கொண்டு ஊதுவத்தி செய்விக்கின்றனர். அதனை விற்பனை செய்தல் பற்றிச் சைவர் வேறு கருத்துக் கொள்ளலாம். உரமாக்குதலில் அத்தடையும் இல்லை. சிவனுக்குச் சாத்திய பூ, சிவனுக்குப் பூக்கும் மரத்தின் அடியிற் சேர்வது சொந்தப் பயனாகாது. நவராத்திரி முடிந்த மறுநாள், நூலையுஞ் சரிகையையும் நீக்கிய பூக்களைப் பாடசாலை வளவின் ஒரு மூலையிலே முழங்காலளவு வெட்டிய கிடங்கில் இட்டு, காய்ந்த சருகும் மண்ணும் மாறிமாறிப் பரப்பி, ஈரங் காயாது பார்த்தல் போதும். இரண்டு மூன்று மாதத்தில் அது மண்ணாகும். விளையாட்டு மைதானத்துப் புல்லுக்கு அதனை இடவேண்டாம்; காற்படும் இடம் அது. வில்வத்துக்குங் கொன்றைக்கும் இடுக. அவை இல்லாத பாடசாலைகள் கிடங்கு வெட்டுமுன் கன்று நடுக.