கல்லை விட்ட பிறகு

புசா ரோட்டில், மெட்ரோ பாலத்தைப் பார்த்த எங்கள் மாடியில், தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கீதை வகுப்பு எடுக்கிறேன். “பலனில் பற்று வேண்டாம்னா, அம்பை விட்டதும் அர்ஜுனனுக்கு வேலை முடிஞ்சுதா மாமி?” என்று ஒரு பெண் கேட்டாள். நான் ஸ்டெஃபானியா கான்ஸ்டான்டினியைப் பற்றிச் சொன்னேன்.

1999இல் பிறந்து, இத்தாலியின் கார்ட்டினாவில் வளர்ந்த பெண். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆமோஸ் மோசனேரோடு கர்லிங் கலப்பு இரட்டையரில் 11 ஆட்டங்களையும் வென்று தங்கம் வாங்கினாள். கர்லிங்கில் இத்தாலிக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம்.

இந்த ஆட்டத்தில் ஏறக்குறைய 20 கிலோ கருங்கல்லைப் பனித்தரையில் இலக்கு வட்டத்தை நோக்கிச் சறுக்கிவிட வேண்டும். குறித்த கோட்டுக்கு முன் கையை எடுத்தாக வேண்டும். பிறகு தொடக்கூடாது, துடைப்பம் பட்டாலும் தவறு, பட்டவரே அதைச் சொல்வது மரபு. ஆனால் கல்லுக்கு முன்னால் பனியைத் துடைப்பத்தால் தேய்க்கலாம். கல் இன்னும் சற்று ஓடும், வளைவது குறையும். இரட்டையரில் விட்டவரே எழுந்தோடித் தேய்க்கவும் இடமுண்டு.

பற்றின்மையை அக்கறையின்மையாகப் போதிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கல்லிலிருந்து கையை எடுத்தவள் மூச்சிரைக்கத் தேய்க்கிறாளே, அந்த உழைப்பைத்தான் கண்ணன் கேட்கிறான் என்று நம்புகிறேன்.

இலக்கு வட்டத்தின் நடுக்கோட்டைத் தாண்டிய கல்லை எதிரணியும் தேய்த்து வெளியே ஓடவிடலாம். அதையும் சொன்னேன். அது நியாயமா என்று பிள்ளைகள் இன்னும் வாதாடுகிறார்கள்.