தேசிக்காயின் தாய்வழி

எங்கள் வீட்டில் அதற்கு இரண்டு பெயர்கள். எனக்குத் தேசிக்காய், மகளுக்கு லைம். வெளியே இன்னும் பல: மெக்சிக்கன் லைம், புளோரிடாத் தீவுகளின் பெயரில் கீ லைம், ஓமான் லைம். போன இடமெல்லாம் ஊர்ப்பெயரை வாங்கிக்கொண்ட காய்.

2014இல் ஓமான் தேசியின் பச்சையவுருமணி மரபணுத்தொகுதியை முழுவதுமாக வாசித்து வெளியிட்டார்கள். பள்ளியில் படம் கீறிப் பாகம் குறித்தோமே, அதே பச்சையவுருமணிதான். அதற்குள் தனி வளையமாக ஏறத்தாழ 160,000 எழுத்துகள். தேசிக் குடும்பத்தில் இந்த வளையம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தேசிக்காய் ஒரு கலப்பு. தாய், பிலிப்பைன்ஸ் பக்கத்து சிட்ரஸ் மைக்கிராந்தா. தகப்பன், தடித்த தோலுள்ள சிட்ரான். ஆனால் இந்த ஆவணத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தகப்பன் என்று ஒருவர் இருந்ததே தெரியாது. ஓர் எழுத்தும் பொய்யில்லை. அப்படியானால் அது உண்மையா?

இந்தக் கேள்வி என்னைக் கடித்ததற்குக் காரணம் உண்டு. என் மனைவி தமிழர் அல்லர். போன செப்டெம்பரில் பாடசாலைப் படிவத்தில் 'வீட்டு மொழி' என்ற கட்டத்துக்குள் மகள் ஒரே ஒரு மொழியை எழுதினாள், தாயினுடையதை. நான் தேநீர்க் கோப்பையோடு பின்னால் நின்றேன். திருத்த எதுவும் இருக்கவில்லை.

பச்சையவுருமணி ஒரு காலத்தில் தனித்துத் திரிந்த பற்றீரியா. கலத்துக்குள் குடிவந்தபின் தன் மரபணுக்களில் பெரும்பாலானவற்றைக் கருவிடம் விட்டுவிட்டது. ஒளித்தொகுப்பின் முக்கிய நொதியான ரூபிஸ்கோவின் பெரிய துண்டுக்கான மரபணு வளையத்தில் இருக்கிறது; சிறிய துண்டுக்கானது கருவில். அந்தக் கருவில் பாதி தகப்பனுடையது. ஆக, தாயுடையது என்று ஆவணம் சொல்லும் பச்சை, அவன் கொடுத்ததையும் சேர்த்துத்தான் வேலை செய்கிறது.

இதை வாசித்ததும் ஆறுதலாக இருந்தது, ஒரு மாலைப்பொழுதுக்கு. பிறகு அந்த ஆறுதல் மலிவாகத் தெரிந்தது. சிட்ரான் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. மகரந்தம் போய்ச் சேர்ந்தால் பாதி தானாகவே போய்விடும். மொழி தானாகப் போகாது. வேலை முடிந்து களைத்து வந்த பதினொரு வருட மாலைகளில், எது வாய்க்கு இலகுவோ அதைத்தான் பேசினேன். அந்தப் படிவம் என்னை மறைக்கவில்லை.

நேற்றுச் சொதியை இறக்கிவிட்டு, "பிள்ளை, ஒரு தேசிக்காய் எடுத்துக்கொண்டு வா" என்றேன். எந்த லைம் என்று அவளுடைய மொழியில் கேட்டாள். நான் தமிழில் மறுபடி சொன்னேன்.