மூளையும் தாய்ப்பலகையும்

பழுதுற்றதை மாற்றுதல் எளிது. பழுது எங்குள்ளது என்று அறிதலே அரிது. ஆசிரியப் பயிற்சியிலும் நான் முழுமையாகக் கற்காத இவ்வுண்மையை ஒரு கணினி எனக்குக் கற்பித்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பாயான் பாருவில் என் மேசைமேலிருந்த பள்ளிக் கணினி ஆமையாய் ஊர்ந்தது. அதில் இருந்தது இன்டெல் நிறுவனத்தின் ஏழாம் தலைமுறை மையச் செயலி. “கணினியின் மூளை அதுதானே? அதை மாற்றினால் போதும்” என்றார் ஆசிரியர் ஒருவர். பெற்றோர் தந்த நன்கொடையும் கையிலிருந்தது. வாங்க முனைந்த என்னைப் பழுதுபார்க்கும் இளைஞர் தடுத்தார்.

2017ஆம் ஆண்டு இறுதியில் மேசைக்கணினிக்கென வந்த எட்டாம் தலைமுறைச் செயலிக்கும் தொடுமுனைகள் 1151தான். பழைய தாய்ப்பலகையின் இருக்கையில் அது கச்சிதமாக அமரும், ஆயினும் இயங்காது. தொடுமுனைகளுக்கு மின்சாரம் பகிரும் முறை வேறு. எனவே செயலியை மாற்றினால் பலகையையும் மாற்றியாக வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் வழி வேறு. 2017இல் விற்ற அதன் ஏஎம்4 பலகைகள் பலவற்றில், அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தால், 2020இல் வந்த செயலியும் இயங்கும். அமர இடமிருந்தால் மட்டும் போதாது. தாங்கும் அடித்தளமும் வேண்டும் என்பது எனக்கு விளங்கிற்று.

“செயலியா, பலகையா என்பது பிறகு, ஐயா. முதலில் அளந்து பார்ப்போம்” என்றார் அவர். அளந்தபோது செயலி பெரும்பாலும் வேலையின்றிக் காத்திருந்தது. பழைய சுழலும் வன்தட்டே திணறிக்கொண்டிருந்தது. தட்டை மட்டும் மாற்றினோம். கணினி விரைந்தது.

மாற்றமே வேண்டாம் என்பதன்று என் கருத்து. 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. ஏழாம் தலைமுறைச் செயலிகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அப்பொழுது செயலியையும் பலகையையும் சேர்த்தே மாற்றினோம். காரணம் அறிந்த மாற்றம் கடமை. காரணம் அறியாத மாற்றம் பிறர் பணத்தில் செய்யும் பிழை.

வன்தட்டை மாற்றிய அன்று மாலை நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் நினைவில் வந்தான். வகுப்பில் தூங்குபவன். “பிள்ளைக்குப் புத்தி மந்தம்” என்று அவன் தாயாரிடமே கூறியிருந்தேன். அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவுப் பணியாளர். 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் திறந்த வட்டாரம் அது. உலகின் கணினிகளுக்கு மூளையைச் சோதித்து அனுப்பும் ஊரில் அமர்ந்துகொண்டு, ஒரு பிள்ளையின் மூளையைச் சோதிக்காமலே தீர்ப்பளித்திருந்தேன்.

மறுநாள் அவரை அழைத்தேன். இம்முறை கூறவில்லை, கேட்டேன். “நான் வேலைக்குப் போனால் ராத்திரி கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவன்தான், ஐயா” என்றார். தலைகுனிந்தேன். பின்னர் அண்டை வீட்டுப் பாட்டி ஒருவர் குழந்தையைக் கவனிக்க முன்வந்தார். பையன் வகுப்பில் முதல்வனாகிவிடவில்லை. விழித்திருந்தான், வினாக்கள் கேட்டான். எனக்கு அது போதுமாயிருந்தது.

மாணவன் பொறியல்லன். பொறியில் தவறாகக் கணித்தால் பொருள்தான் வீணாகும். பிள்ளையிடம் தவறாகக் கணித்தால் வாழ்வே வீணாகும். ஆசிரியராகப் போகும் இளையோரே, மூளையைக் குறை கூறுமுன் அதனைத் தாங்கும் பலகையைப் பாருங்கள். அதற்குத் தாய்ப்பலகை என்று பெயர் அமைந்தது பொருத்தமே அன்றோ?